தேர்தலில் நிற்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். ஒருத்தி மகளிர் குழுவில் ஊக்குநர். ஒருத்தி நர்சிங் படித்துவிட்டு, பிள்ளை பெற்று, வீட்டோடு இருப்பவள். மூன்றாமவளுக்கு இருபத்திரண்டு வயது, இந்த வருஷம்தான் கல்லூரி முடித்திருக்கிறாள். "அத்தை, அடுத்த ஊராட்சித் தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கோம். என்னென்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்கள்.

சாயங்காலம் வரை பேசினேன். அவர்கள் போன பிறகுதான் பாதியைச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சிக்கு 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தவள். எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் எங்கள் மண்ணில் 1886-இல் பிறந்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முதல் பெண்ணாக உட்கார்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரை நான் பார்த்ததில்லை. அவர் 1968-இல் இறந்தபோது நான் பாவாடை கட்டித் திரிந்த சிறுமி.

1. முதலில் அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பமான பெண்களுக்கு அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. நம் ஊர்களில் "முத்துலட்சுமி காசு வந்துருச்சா?" என்று கேட்காத வீடு இல்லை. ஆனால் அந்த முத்துலட்சுமி யார் என்று கேட்டால், திண்ணைக்கு வந்த மூவரில் நர்சிங் படித்தவளுக்குக்கூடத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கும் முப்பது வயது வரை தெரியாது. 1991-இல் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவு கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், பெண்கள் எல்லோரும் சைக்கிள் பழக வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்த காலம் அது. நான் எட்டாவதோடு நின்றவள், அறிவொளியில் தொண்டராகச் சேர்ந்தேன். ஒரு மாலை வகுப்பில்தான், நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் தனியாகப் போய் உட்கார்ந்து படித்தார், டாக்டரானார், சட்டமன்றத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். சைக்கிளில் வீடு திரும்பும்போதெல்லாம் அவர் நினைவுதான்.

2. தயக்கம் வந்தால் வெட்கப்படாதீர்கள். முத்துலட்சுமிக்கே இருந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, நல்ல பெயரோடு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர், மேற்படிப்புக்காக லண்டன் போய்த் திரும்பிய சமயம் அது. சென்னை மாகாணத்தில் பெண்கள் சட்டமன்ற உறுப்பினர் ஆகலாம் என்று 1926-இல்தான் கதவு திறந்தது. அந்தத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றுப்போனார். அடையாற்றில் இருந்த இந்திய மாதர் சங்கத்தார் முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கச் சொல்லிப் பரிந்துரைத்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர் தயங்கினார். போன பிறகோ, உறுப்பினர்கள் அவரையே சட்டமன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். "எனக்கு அரசியல் தெரியாதே" என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான பயம்தான். பிரசவம் பார்க்கவும், குழுக் கணக்கு எழுதவும், ரேஷன் கடையில் பதில் வாங்கவும் தெரிகிறதல்லவா? அங்கிருந்து தொடங்குங்கள்.

3. வேட்புமனுவுக்கு முன்னால் வீட்டில் பேசிவிடுங்கள். இது பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போதே முத்துலட்சுமி நிபந்தனை வைத்தார்: என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன்னால் அதைக் கேட்க ஒரு பெண்ணுக்கு வாய் வந்திருக்கிறது. நமக்கு ஏன் வரக் கூடாது?

நான் பதவி ஏற்ற முதல் நாள், ஊராட்சி அலுவலகத்தில் என் வீட்டுக்காரர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. தேர்தல் வேலை முழுக்க அவர்தான் பார்த்தார், அதனால் அவருக்கு அது இயல்பாகத் தோன்றியது. வந்தவர்கள் எல்லாம் அவரிடமே பேசினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிகாலை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "ஓட்டுச் சீட்டுல எம் பேருதான இருந்துச்சு? தப்பு நடந்தா ஜெயிலுக்குப் போறதும் நான்தான. அப்ப நாற்காலியிலயும் நானே உக்காந்துக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வயலுக்குப் போனார். அதன் பிறகு பத்து வருஷமும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் இவ்வளவு லேசாக முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனு போடுவதற்கு முன்பே பேசச் சொல்கிறேன். ஜெயித்த பிறகு பேசுவது கஷ்டம், அப்போது மாலை போட்டவர்கள் எல்லாம் அவர் பக்கம் இருப்பார்கள்.

4. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத தீர்மானப் பக்கத்திலும் போடாதீர்கள். அவசரம் என்பார்கள், பில் காலாவதியாகும் என்பார்கள், பழைய தலைவர் இப்படித்தான் செய்தார் என்பார்கள். ஊராட்சிக் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் வைத்ததே ஒருவர் மேல் ஒருவர் கண் இருக்கட்டும் என்றுதான். என் முதல் வருஷத்தில் போடாத சாலைக்குப் போட்டதாக ஒரு தாள் என் முன்னால் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, கையெழுத்து இல்லை என்றேன். இரண்டு மாதம் அலுவலகத்தில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, அந்த இரண்டு மாதத்தில் கணக்குப் பதிவேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன்.

5. ஒரே ஒரு காரியத்தையாவது முடிகிற வரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முத்துலட்சுமியிடம் நான் கற்றதில் முதன்மையானது இதுதான்.

அவர் சட்டமன்றத்தில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை வருஷம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துவது என்று பலவற்றுக்காக எழுந்து பேசினார். ஆனால் உயிராகப் பிடித்துக்கொண்டது ஒன்றை. சிறுமிகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த வேண்டும் என்பதை. அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த வழக்கம் இருந்த இசை வேளாளர் மரபில் வந்தவர். ஆகவே இது அவருக்கு ஊரார் விஷயம் இல்லை. 1927 நவம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. தீர்மானம் என்றால் அரசுக்குப் பரிந்துரை மட்டுமே, அதை வைத்து ஒரு பொட்டுத்தாலியையும் தடுக்க முடியாது. 1929-இல் கோயில் நிலம் பற்றிய சட்டத்தைத் திருத்த வைத்தார். 1930-இல் பொட்டுக்கட்டையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்குள் காந்தி கைதானார், அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். மசோதா அப்படியே கிடந்தது. வெளியிலிருந்தபடியே எழுதினார், கூட்டங்களில் பேசினார், மனுக் கொடுத்தார். கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947-இல்தான் சட்டம் வந்தது. தீர்மானத்திலிருந்து எண்ணினால் இருபது வருஷம்.

நீங்கள் ஐந்து வருஷத்துக்குத்தான் போகிறீர்கள். பத்துக் காரியத்தைத் தொடுவீர்கள், தொட்டுத்தான் ஆக வேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டால் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். ஆனாலும் ஒன்றை மட்டும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் யாருக்கு எழுதினோம், யார் என்ன பதில் சொன்னார்கள், கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று. எனக்கு அது காட்டாற்றுக்குக் குறுக்கே ஒரு சிறு பாலம். மழைக்காலத்தில் அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது, பிரசவ வலி கண்டவளைக் கட்டிலில் தூக்கி வர வேண்டும். நான் தலைவராக இருந்த காலத்தில் அது வரவில்லை. 2011-இல் வந்தது, எனக்கு எதிர் அணியில் இருந்தவர் தலைவராக இருந்தபோது. என் நோட்டை 2006-லேயே அடுத்த தலைவரிடம் கொடுத்திருந்தேன். திறப்பு விழா அன்று கூட்டத்தோடு நின்று பார்த்தேன். மேடைக்குக் கூப்பிடவில்லை. அன்று எனக்கிருந்த சந்தோஷம் பதவி ஏற்ற அன்றுகூட இல்லை.

6. ஒன்றைத் தடுக்கும்போது, அதனால் பிழைக்கிறவர்களுக்கு என்ன வழி என்று முதலில் பாருங்கள். மேலே 1929 சட்டம் என்றேனே, அதைப் பலரும் ஒரு வரியில் கடந்துபோவார்கள். எனக்கு அதுதான் அவர் மூளையின் கூர்மையைக் காட்டுகிறது. தேவதாசிக் குடும்பங்களுக்குக் கோயில் சேவைக்கு ஈடாக மானிய நிலம் இருந்தது. மகளைப் பொட்டுக்கட்டாவிட்டால் சேவை நின்றுபோகும், சேவை நின்றால் நிலம் போய்விடும். எந்தத் தாய் துணிவாள்? அந்த நிலத்தைச் சேவையிலிருந்து விடுவித்து, குறித்த வரியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்களே அனுபவிக்கலாம் என்று திருத்தம் வழி செய்தது. முடிச்சு எங்கே என்று பார்த்து அங்கே கை வைத்தார்.

எங்கள் ஊர்ச் சந்தை ரோட்டை அகலப்படுத்தியபோது கூடைக்காரிகளை எழுப்பச் சொன்னார்கள். பள்ளிச் சுவர் ஓரமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு, அவர்களைக் குடியேற்றிவிட்டுத்தான் ரோட்டில் கை வைக்க விட்டேன். பதினேழு நாள் தாமதம் ஆனது.

7. எதிர்ப்பவர்களிடம் போய் உட்காருங்கள். முத்துலட்சுமியை நான் தெய்வமாக வைக்கவில்லை, இந்த இடத்தில் அவரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தீர்மானம் வந்தபோது தேவதாசிப் பெண்களே சங்கம் வைத்து அரசுக்கு மனு அனுப்பினார்கள். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டமா, எங்கள் கலைக்கும் சொத்துக்கும் என்ன பதில் என்பது அவர்கள் கேள்வி. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களும் அந்தப் பக்கம் நின்றார்கள். சிறுமிகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முத்துலட்சுமி பக்கம்தான் நியாயம். ஆனாலும் அந்தப் பெண்களின் குரல் இன்னும் நன்றாகக் காதில் விழுந்திருந்தால், ஆட்டமும் பாட்டும் தெரிந்த எத்தனையோ பேர் பேரும் கௌரவமும் இழந்து மூலையில் ஒடுங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடைத்ததே என் தவறால்தான். என் இரண்டாவது தடவையில் மகளிர் சுகாதார வளாகம் கட்டினோம். தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் கல், பத்துக் கழிப்பறை. இடத்தை நானும் பொறியாளரும் பார்த்து முடிவு செய்தோம். கட்டி மூன்று மாதமாகியும் ஆள் வரவில்லை. எனக்குக் கோபம். கடைசியில் வயசான அப்பத்தா ஒருத்தி சொன்னாள்: "டீக்கடையில அம்புட்டு ஆம்பளையும் உக்காந்திருக்கான். அவனுக முன்னால வாளியத் தூக்கிக்கிட்டு எப்படி ஆத்தா போறது?" நானே ஒரு பெண், அந்தப் பாதையில் தினமும் சைக்கிளில் போனவள், எனக்குத் தோன்றவில்லை. பின்பக்கச் சுவரை உடைத்து வேறு வாசல் வைத்தோம். அந்தச் செலவு ஊர்ப் பணம், என் அவசரத்துக்கு ஊர் கட்டிய பணம். ஒரு சாயங்காலம் பத்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

8. தெருவில் வேலை செய்கிறவளை மறக்காதீர்கள். முத்துலட்சுமி சபைக்குள் பேசிய அதே விஷயத்தை ஊர் ஊராகப் போய், கல்லடியும் வசையும் பட்டுப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். பெரிய படிப்பு இல்லாதவர். 1936-இல் அதைப் பற்றி நாவலே எழுதினார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இன்று அவர் பெயரில்தான் நடக்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரி அந்தப் பணத்தில்தான் பஸ் பாஸும் புத்தகமும் வாங்கினாளாம். உங்கள் தெருவிலும் ஒரு ராமாமிர்தம் இருப்பாள். வாய் அதிகம் என்று ஊர் ஒதுக்கியிருக்கும். அவளைத் தேடிப்போய்ப் பேசுங்கள்.

9. ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். நாங்கள் பதவிக்கு வந்த அடுத்த வருஷம், 1997 ஏப்ரலில், மதுரை வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதியைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவராக வந்ததைப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் அதே காரணத்தால் 2006 வரை தலைவர் உட்காரவே விடவில்லை. அந்த நாட்களில் என் அம்மா வந்து, "ராஜினாமா பண்ணிரு தாயி" என்று அழுதாள். நான் பண்ணவில்லை. ஆனால் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். இருட்டிய பிறகு தனியாகப் போவதை விட்டேன். வாய்மொழியாக வந்த மிரட்டலையும் தேதியிட்டு எழுதி, காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்கி வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன்: உங்கள் பக்கத்து ஊராட்சி தனித்தொகுதியாக இருந்து, அங்கே தலைவராக வந்த பெண்ணைத் தரையில் உட்கார வைத்தால், அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போய் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அவளையும் உட்கார வையுங்கள். போகாமல் வீட்டிலிருந்து வருத்தப்பட்டுப் பிரயோசனமில்லை.

10. கிராம சபையை வெறும் கையெழுத்துக் கூட்டமாக விடாதீர்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது. பெண்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்கு ஓடுகிறார்கள். வரவு செலவை வாய்விட்டுப் படியுங்கள்.

11. தீர்மானம் வந்த பிறகும் கதவைத் திறந்து வையுங்கள். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிய மூன்று சிறுமிகள் எந்த விடுதியிலும் சேர்க்காததால் முத்துலட்சுமி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தீர்மானம் போட்டதோடு என் வேலை முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம் ஆனது. தங்கை புற்றுநோயில் 1923-இல் துடித்து இறந்ததைப் பார்த்தவர், முப்பது வருஷம் அலைந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 67. பதவி என்று பார்த்தால் சட்டமன்றத்தை விட்டு வந்து இருபத்துநாலு வருஷமாகியிருந்தது. என் நாத்தனார் அங்கேதான் சிகிச்சை எடுத்து, பேரன் கல்யாணம் வரை இருந்தாள்.

12. செய்ததை எழுதி வையுங்கள். முத்துலட்சுமி தன் சட்டமன்ற அனுபவத்தை 1930-லேயே ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டுவிட்டார். அதனால்தான் இன்று நாம் அவரைப் பற்றித் தைரியமாகப் பேச முடிகிறது. எங்களோடு 1996-இல் முதன்முதலாக வந்த பெண் தலைவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் தோண்டிய கிணறுகூடப் பெயரில்லாமல் கிடக்கிறது.

13. கடைசியாக, மனுத் தாக்கல். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்யாணமாகி வந்தவர்கள் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயரை விட்டுவைத்திருப்பீர்கள், அதை மாற்றுங்கள். ஊராட்சிக்கு உங்கள் பெயரில் பாக்கி இருந்தால் மனு நிற்காது. வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். 1996-இல் எங்கள் வார்டில் நிற்க வந்த ஒருத்தியின் மனு, மாமனார் கட்டாமல் விட்ட பாக்கியைச் சொல்லி இழுபறியாகி, மதியம் மூன்று மணி வரை ரசீதுக்காக ஓடினோம். நம்மில் பல பேருக்கு ரசீது யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாது. மூன்று பேரும் வரும் ஞாயிறு ரசீதுகளோடு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.